விளையாட்டில் கிடைத்த வாளுக்கு வரி கட்ட வேண்டுமா?

மூன்று ஆண்டுகளாக ஓர் இணைய விளையாட்டை விடாமல் ஆடி வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி விடுமுறை, எம்ஆர்டி பயணம், அம்மா தூங்கிய பிறகு போர்வைக்குள் என்று கொட்டிய நேரத்துக்குப் பலனாக, எளிதில் யாரிடமும் இல்லாத ஒரு வாள் உங்கள் கணக்கில் சேர்ந்திருக்கிறது. ஒருநாள், அதே விளையாட்டை ஆடும் முகம் தெரியாத ஒருவர் செய்தி அனுப்புகிறார்: “அந்த வாளை எனக்குக் கொடுத்துவிடு. 300 வெள்ளி தருகிறேன்.”

‘சரி’ என்று தட்டச்சு செய்யப் போகிறீர்கள். அதற்கு முன் இரண்டு கேள்விகள். நீங்கள் விற்கப் போகும் அந்த வாள் உண்மையிலேயே உங்களுடையதா? கைக்கு வரும் 300 வெள்ளிக்கு வருமான வரி உண்டா?

சிரிப்பு வரலாம். ஆனால் இந்த இரண்டு கேள்விகளையும் ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். வரிச் சட்டம் படித்தவர்கள். கணினிக்குள் என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டவர்கள். அவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு கேள்விகளையும் ஒன்றோடொன்று கலக்க மாட்டார்கள். ‘இது யாருடையது’ என்பது சொத்துச் சட்டம். ‘இது எந்தக் கணத்தில் வருமானம் ஆகிறது’ என்பது வரிச் சட்டம். ஒன்றுக்கு விடை கிடைத்தால் மற்றதற்கும் கிடைத்துவிட்டது என்று பொருளில்லை. நாமும் அந்த வரிசையிலேயே போவோம்.

வாள் எங்கே இருக்கிறது?

உங்கள் கைத்தொலைபேசியில் இல்லை. கைத்தொலைபேசியில் இருப்பது வாளின் படம் மட்டும்தான். அந்தப் படம் விளையாட்டைப் பதிவிறக்கிய எல்லாருடைய கருவியிலும் இருக்கிறது. உங்களை மற்றவர்களிடமிருந்து வேறுபடுத்துவது, விளையாட்டு நிறுவனத்தின் கணினியில் உள்ள தரவுத்தளத்தில் ஒரே ஒரு வரி. அதில் உங்கள் கணக்கு எண், வாளின் எண், எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்ற விவரம் ஆகியவை இருக்கும். வாளை நண்பருக்குக் கொடுக்கும்போது எந்தப் பொருளும் நகர்வதில்லை. அந்த வரியில் உங்கள் கணக்கு எண் அழிந்து அவருடைய எண் வருகிறது, அவ்வளவுதான். நிறுவனத்தின் பொறியாளர் நினைத்தால் அதே வாளை ஒரு நொடியில் ஆயிரம் பேருக்குக் கொடுக்கலாம். உங்கள் வரியை அழித்தும் விடலாம்.

கையில் பிடிக்க முடியாத ஒன்றைச் சொத்து என்று சொல்ல முடியுமா? இந்தச் சிக்கல் கணினி வருவதற்கு முன்பே நீதிமன்றத்துக்கு வந்துவிட்டது. நெதர்லாந்தின் ஹேக் நகரில் பல் மருத்துவர் ஒருவர் தம் வீட்டு மின்மானிக்குள் ஊசியைச் செருகி, அதைச் சுழலவிடாமல் நிறுத்திவிட்டு மின்சாரத்தைப் பயன்படுத்தினார். திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டது. மின்சாரம் ஒரு பொருளே இல்லை, பொருள் இல்லாததை எப்படித் திருட முடியும் என்பது அவர் தரப்பு வாதம். 1921 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மின்சாரத்தை மனிதர் உண்டாக்குகிறார், கட்டுப்படுத்துகிறார், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அனுப்புகிறார். அதற்கு மதிப்பு உண்டு. ஆகவே அதைத் திருடவும் முடியும் என்றது.

தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே நீதிமன்றத்துக்கு இன்னொரு திருட்டு வழக்கு வந்தது. 2007ஆம் ஆண்டு லேவார்டன் நகரில் 13 வயதுச் சிறுவன் ஒருவனை, அவனைவிடச் சற்று மூத்த இரண்டு பேர் அடித்து, கத்தியைக் காட்டி மிரட்டி, ‘ரூன்ஸ்கேப்’ விளையாட்டில் அவன் வைத்திருந்த ஒரு தாயத்தையும் முகமூடியையும் தங்கள் கணக்குக்கு மாற்ற வைத்தார்கள். அவை வெறும் மின்னிலக்கத் தகவல், அவற்றுக்கு உருவமே இல்லை, போதாக்குறைக்கு அவை விளையாட்டு நிறுவனத்துக்குத்தான் சொந்தம் என்று பிள்ளைகளின் வழக்கறிஞர் வாதிட்டார். 2012 ஜனவரி 31ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பொருள்களைச் சேர்க்கச் சிறுவன் நேரத்தையும் உழைப்பையும் செலவிட்டிருக்கிறான். அவை அவன் கட்டுப்பாட்டில் இருந்தன. மிரட்டலால் அதை இழந்தான். இது திருட்டே என்றது. மேல்முறையீடு செய்தவருக்கு 144 மணி நேரச் சமூக வேலை தண்டனையாகக் கிடைத்தது. பல் மருத்துவரின் ஊசிதான் இந்தத் தீர்ப்புக்கும் வழிகாட்டி.

ஆக, வாள் உங்களுடையது என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரப்படாதீர்கள். அந்தத் தீர்ப்பு சொன்னது ஒரு திருடனுக்கு எதிராக. விளையாட்டு நிறுவனத்துக்கு எதிராக நீங்கள் நின்றால் கதை வேறு.

‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தான்

2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த மார்க் பிராக் என்ற வழக்கறிஞர், ‘செகண்ட் லைஃப்’ என்ற மெய்நிகர் உலகில் ஒரு துண்டு நிலத்தை 300 அமெரிக்க டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். செகண்ட் லைஃபில் வெல்வதற்கு எதுவும் இல்லை. மக்கள் அங்கே நிலம் வாங்குவார்கள், வீடு கட்டுவார்கள், சட்டை தைத்து விற்பார்கள். எல்லாம் லிண்டன் டாலர் என்ற காசில் நடக்கும். அந்தக் காசை உண்மையான அமெரிக்க டாலராக மாற்ற நிறுவனமே சந்தை நடத்துகிறது. அங்கே நிலத்தின் உரிமை மக்களுக்கே என்றும் நிறுவனம் விளம்பரம் செய்து வந்தது.

பிராக் இணைய முகவரியில் சில எழுத்துகளை மாற்றி, பொதுமக்களுக்கு இன்னும் திறக்கப்படாத ஏலத்துக்குள் நுழைந்துவிட்டார் என்று நிறுவனம் குற்றம் சாட்டியது. நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அதோடு நிற்காமல் அவர் கணக்கையே முடக்கி, அதில் இருந்த மற்ற உடைமைகளையும் பணத்தையும் சேர்த்துப் பூட்டிவிட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். நீங்கள் எங்கள் விதிமுறைகளை ஒப்புக்கொண்டுதானே உள்ளே வந்தீர்கள், அதன்படி நீதிமன்றத்துக்கே வர முடியாது, தனியார் நடுவரிடம்தான் போக வேண்டும் என்றது நிறுவனம். 2007 மே 30ஆம் தேதி நீதிபதி எடுவர்டோ ரொப்ரெனோ, அந்த விதி ஒருதலைப்பட்சமானது, செல்லாது என்றார்.

மெய்நிகர் நிலம் யாருக்குச் சொந்தம் என்று அவர் சொல்வதற்குள் இரு தரப்பும் சமரசமாகப் போய்விட்டன. சட்டம் படிப்பவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். வழக்கில் சிக்கியவர்களுக்கு நிம்மதி. பெரும்பாலான வழக்குகள் இப்படித்தான் முடிகின்றன.

பெரும்பாலான விளையாட்டுகளின் விதிமுறைகளில் ஏறக்குறைய ஒரே வாசகம்தான் இருக்கும்: பொருள்கள் எல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம், அவற்றைப் பயன்படுத்த உங்களுக்கு அனுமதி மட்டும் தரப்படுகிறது, அதை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். திரையரங்கில் நுழைவுச்சீட்டு வாங்குவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இருக்கை உங்களுக்குத்தான், ஆனால் படம் முடிந்ததும் அதைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கலிஃபோர்னியா மாநிலம் 2025ஆம் ஆண்டிலிருந்து ஒரு சட்டத்தை நடைமுறைப்படுத்தி வருகிறது. மின்னிலக்கப் பொருளுக்குப் பக்கத்தில் ‘வாங்கு’ என்று எழுதும் கடை, வாடிக்கையாளருக்குக் கிடைப்பது வெறும் அனுமதி என்றால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூர் நீதிமன்றத்தில் ஒரு குரங்கு

2022ஆம் ஆண்டு நம் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு குரங்குப் படம் வந்தது. ‘போர்ட் ஏப் யாட் கிளப்’ என்ற தொகுப்பில் 2162ஆம் எண் கொண்ட என்எஃப்டி அது. அதன் உரிமையாளர் அதை அடகு வைத்து, முகம் தெரியாத ஒருவரிடம் மின்னிலக்க நாணயம் கடன் வாங்கியிருந்தார். கடன் கொடுத்தவர் குரங்கைத் தம் வசமாக்கிக்கொள்ளவே, அது விற்கப்படாமல் இருக்கத் தடை உத்தரவு கேட்டார். எதிர்த்தரப்பின் உண்மையான பெயரே தெரியாது. ஓர் இணையப் புனைபெயர் மட்டும் இருந்தது. நீதிமன்ற ஆவணங்களை டுவிட்டர், டிஸ்கார்ட் வழியாக அனுப்ப அனுமதி கிடைத்தது.

நீதிபதி லீ செய்யூ கின் முதலில் தீர்க்க வேண்டியிருந்த கேள்வி நம்முடையதுதான்: இது சொத்தா? அதற்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் 1965ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தது. கணவர் விட்டுச் சென்ற ஒரு பெண் அந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமை பற்றிய வழக்கு அது. சொத்து என்றால் அதன் எல்லை தெளிவாக இருக்க வேண்டும். இது இன்னாருடையது என்று பிறர் அடையாளம் காண முடிய வேண்டும். பிறர் கைக்கு மாறக்கூடியதாக இருக்க வேண்டும். ஓரளவு நிலைத்து நிற்க வேண்டும். குரங்கு இந்த நான்கிலும் தேறியது.

எப்படித் தேறியது என்று புரிய, கொஞ்சம் அறிவியல் வேண்டும். என்எஃப்டி பதிவாகியிருப்பது ஒரு நிறுவனத்தின் கணினியில் அல்ல. பிளாக்செயின் எனப்படும் பதிவேட்டின் நகல்கள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கின்றன. உரிமையாளரிடம் மிக நீளமான ஒரு ரகசிய எண் இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு கணித முறைப்படி கையொப்பமிட்டால்தான் பதிவு மாறும். கையொப்பம் சரியா என்று எந்தக் கணினியும் சோதிக்கலாம். ஆனால் ரகசிய எண் தெரியாமல் அதைப் போலியாகப் போட முடியாது. அதனால்தான் ‘இன்னாருடையது’ என்பதும் ‘நிலைத்து நிற்கும்’ என்பதும் அங்கே பொருந்துகின்றன. தனியார் தரவுத்தளத்தில் கிடக்கும் உங்கள் வாள் கடைசிச் சோதனையிலேயே தடுமாறும். நிறுவனம் ஒரு மாலைப் பொழுதில் விளையாட்டையே மூடிவிடலாம்.

அடுத்த ஆண்டு இன்னொரு வழக்கு. ஊழியர்களின் சம்பளக் கணக்கைக் கவனித்து வந்த ஒருவர் 42 லட்சம் யூஎஸ்டிடி மின்னிலக்க நாணயத்தைத் தம் கட்டுப்பாட்டில் இருந்த முகவரிகளுக்கு மாற்றிக்கொண்டது பற்றியது. அதில் நீதிபதி பிலிப் ஜெயரத்தினம் சொன்ன உவமை எனக்கு மிகவும் பிடித்தது. ஆற்றின் கரைகளுக்கு இடையே ஓடும் நீர் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆனாலும் அந்த ஆற்றுக்கு நாம் ஒரு பெயர் வைத்திருக்கிறோம். கணினிகளில் மாறிக்கொண்டே இருக்கும் தகவலுக்கு ஒரு நாணயம் என்று பெயரிட்டு அழைப்பதும் அப்படித்தான் என்றார். அந்த நாணயமும் சொத்து என்று தீர்ப்பானது. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றமும் மின்னிலக்க நாணயம் சொத்தே என்று கூறியிருக்கிறது.

இனி வரிக்கு வருவோம்

2001ஆம் ஆண்டு எட்வர்ட் காஸ்ட்ரோநோவா என்ற அமெரிக்கப் பொருளியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். ‘எவர்குவெஸ்ட்’ விளையாட்டில் வரும் நோராத் என்ற கற்பனை உலகைத் தனி நாடாகக் கருதிக் கணக்குப் போட்டிருந்தார். விளையாடுபவர்கள் ஏல இணையத்தளங்களில் நோராத்தின் காசையும் ஆயுதங்களையும் உண்மையான பணத்துக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த விலைகளிலிருந்து அவர் கண்டது: நோராத்தில் ஒரு மணி நேர உழைப்பின் மதிப்பு சுமார் 3.42 அமெரிக்க டாலர்; தலா வருமானம் ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடைப்பட்டது. வரைபடத்தில் இல்லாத ஒரு நாடு, பல உண்மை நாடுகளைவிடப் பணக்கார நாடாக இருந்தது!

பணம் புரளும் இடத்தை வரி அதிகாரிகள் மறந்துவிட மாட்டார்கள். 2006ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றத்தின் கூட்டுப் பொருளாதாரக் குழு, மெய்நிகர் உலகங்களுக்கு வரி விதிப்பது பற்றி ஆராயத் தொடங்கியது. அமெரிக்க வரிச் சட்டத்தின் வாசகம் மிக அகலமானது. எந்த வழியில் வந்தாலும் வருமானம் வருமானமே. பண்டமாற்றும் அதில் சேரும். அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால், விளையாட்டில் அரக்கனைக் கொன்று வாள் கிடைத்த அந்தக் கணமே அதன் சந்தை விலைக்கு வரி கட்ட வேண்டும்.

அப்படிச் சொல்ல ஒரு பழைய வழக்கும் கையில் இருக்கிறது. அமெரிக்கத் தம்பதி ஒருவர் 1957இல் ஏலத்தில் 15 டாலருக்குப் பழைய பியானோ ஒன்றை வாங்கினார்கள். 1964இல் அதைத் துடைத்துச் சுத்தம் செய்தபோது உள்ளே 4,467 டாலர் ரொக்கம்! கண்டெடுத்த புதையலுக்கு வரி இல்லை என்று அவர்கள் வாதிட்டுப் பார்த்தார்கள். 1969இல் நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கண்டெடுத்த ஆண்டிலேயே அது வருமானம்.

விளையாட்டு வாளும் பியானோப் பணம் போன்றதா? இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர்களில் ஒருவர் லியாண்ட்ரா லெடர்மன். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, அங்கேயே வரிச் சட்டத்தில் முதுநிலைப் பட்டமும் பெற்றவர். நியூயார்க்கில் ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் வேலை பார்த்தார். அமெரிக்க வரி நீதிமன்றத்தில் ஒரு நீதிபதிக்கு உதவியாளராகவும் இருந்தார். பிறகு கற்பிக்கும் பணிக்கு வந்து, இண்டியானா பல்கலைக்கழகத்தில் வரிச் சட்டப் பேராசிரியரானார். (காஸ்ட்ரோநோவாவும் பின்னர் அதே பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார்.) வரி என்றாலே கொட்டாவி விடும் மாணவர்களுக்கு, அந்தத் துறையிலிருந்து அரக்கன், மந்திரவாள் பற்றியெல்லாம் ஆய்வுக்கட்டுரை எழுதலாம் என்று காட்டியவர். 2007ஆம் ஆண்டு நியூயார்க் பல்கலைக்கழகச் சட்ட ஆய்விதழில் அந்தக் கட்டுரை வெளிவந்தது.

அவர் செய்தது கோடு கிழிக்கும் வேலை. விளையாட்டு உலகம் வேறு, வணிகத்துக்காகவே அமைந்த உலகம் வேறு என்று இரண்டாகப் பிரித்தார். அரக்கனைக் கொன்று வாள் பெறும் விளையாட்டில், வாள் கிடைத்ததும் வரி வேண்டாம். உள்ளுக்குள்ளேயே வாளைக் கொடுத்துக் கேடயம் வாங்கினாலும் வேண்டாம். அதை உண்மையான பணத்துக்கு விற்கும்போது மட்டும் வரி. செகண்ட் லைஃப் போன்ற இடம் அப்படியன்று. அங்கே விற்பதும் வாங்குவதும் தொடக்கத்திலிருந்தே நோக்கமாக இருக்கிறது. ஆகவே லிண்டன் டாலருக்கு ஒரு சட்டையை விற்றாலே அது வருமானம். அமெரிக்க டாலராக மாற்றும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தின் பிரையன் கேம்ப் என்ற வரிச் சட்டப் பேராசிரியர், பணத்தை வெளியே எடுக்கும்போது மட்டும் வரி விதித்தால் போதும் என்ற பக்கம் நின்றார்.

இதை டுரியானை வைத்துப் பார்ப்போம். ஜோகூரில் உங்கள் பெரியப்பாவுக்கு ஒரு தோட்டம் இருக்கிறது. இரவில் விழுந்த பழங்களைக் காலையில் பொறுக்குகிறார். அந்த நிமிடமே வரி அதிகாரி வந்து நின்றால் எவ்வளவு அபத்தம்! அதில் சில பழங்களைப் பக்கத்து வீட்டுக்காரரின் ரம்புத்தானுக்கு மாற்றிக்கொள்கிறார். அப்போதும் யாரும் கணக்குக் கேட்பதில்லை. ஆனால் சாலையோரம் கூடாரம் போட்டு, கிலோ இவ்வளவு என்று எழுதித் தொங்கவிட்டால் அது வியாபாரம். லெடர்மன் கோடு கிழித்த இடம் ஏறக்குறைய இதுதான். எனக்கும் அது சரியென்றே படுகிறது. வாள் கிடைத்ததுமே வரி என்றால் பதின்மூன்று வயதுப் பிள்ளை, கையில் காசே இல்லாமல் வரிப் படிவம் நிரப்ப வேண்டியிருக்கும். லிண்டன் டாலருக்கும் வரியே வேண்டாம் என்றால், பெரிய வியாபாரிகள் எல்லாரும் தங்கள் லாபத்தை மெய்நிகர் உலகுக்குள்ளேயே பதுக்கி வைப்பார்கள்.

அதிகாரிகளுக்கும் இந்தக் குழப்பம் வந்தது. 2019ஆம் ஆண்டுக்கான அமெரிக்க வரிப் படிவத்தில், மெய்நிகர் நாணயம் வாங்கினீர்களா, விற்றீர்களா என்று ஒரு புதிய கேள்வி சேர்க்கப்பட்டது. மெய்நிகர் நாணயத்துக்கு உதாரணமாக பிட்காயினோடு ரோப்லாக்ஸ், ஃபோர்ட்நைட் விளையாட்டுகளின் காசையும் வரித்துறையின் இணையத்தளம் குறிப்பிட்டிருந்தது. அப்படியானால் ரோப்லாக்ஸ் ஆடும் பிள்ளைகள் எல்லாரும் அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் சொல்ல வேண்டுமா? பரபரப்பு கிளம்பியதும், 2020 பிப்ரவரியில் அந்த உதாரணங்கள் சத்தமில்லாமல் நீக்கப்பட்டன. விளையாட்டைவிட்டு வெளியே வராத காசைப் பற்றி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற விளக்கமும் வந்தது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் பேராசிரியர் கிழித்த கோட்டுக்கே வந்து சேர்ந்தார்கள்.

நம் ஊரில் எப்படி?

சிங்கப்பூரில் மூலதன ஆதாய வரி கிடையாது. அதாவது, பழைய சைக்கிளையோ தாத்தாவின் கடிகாரத்தையோ வாங்கிய விலையைவிட அதிகமாக விற்றால் அந்த லாபத்துக்கு வரி இல்லை. ஆனால் வியாபார லாபத்துக்கு உண்டு. வாள் விற்றது எந்த வகை? இங்கேதான் வரி வழக்கறிஞரின் மூளைக்கு வேலை. எவ்வளவு அடிக்கடி விற்கிறீர்கள், வாங்கும்போதே விற்கும் எண்ணம் இருந்ததா, எவ்வளவு காலம் வைத்திருந்தீர்கள், விற்பதற்காக அதை மெருகேற்றினீர்களா, எதற்காக விற்றீர்கள் என்று வரிசையாகக் கேட்பார். இவற்றை ‘வியாபாரத்தின் அடையாளங்கள்’ என்பார்கள். பிரிட்டனிலிருந்து வந்த பழக்கம். மலேசியாவிலும் இதே கேள்விகள்தான்.

ஒரே ஒரு தடவை விற்றால் அது வியாபாரம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1920களில் பிரிட்டிஷ்காரர் ஒருவர் வேறு வேலையாக பெர்லினுக்குப் போனார். அங்கே மலிவாகக் கிடைத்ததென்று பத்து லட்சம் கழிவறைக் காகிதச் சுருள்களை வாங்கி, ஊர் திரும்பியதும் ஒரே ஆளிடம் மொத்தமாக விற்று லாபம் பார்த்தார். அவர் வியாபாரி இல்லை, ஒரே ஒரு விற்பனைதான். இருந்தும் 1929இல் நீதிமன்றம் அதை வியாபாரம் என்றது. பத்து லட்சம் சுருளைச் சொந்த உபயோகத்துக்காக வாங்கினேன் என்று யாரால் சொல்ல முடியும்? வரி வகுப்புகளில் இந்த வழக்கைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. சிரித்தவர்கள் மறப்பதும் இல்லை.

நீங்கள் மூன்றாண்டு ஆடிப் பெற்ற ஒரு வாளை அலுத்துப்போய் விற்பது ஒரு வகை. வாரத்துக்கு இருபது கணக்குகளை மலிவாக வாங்கி, நிலை உயர்த்தி, லாபத்துக்கு விற்பது முற்றிலும் வேறு வகை. இரண்டாவது வியாபாரம். வயது இதில் ஒரு பொருட்டில்லை. ஆனாலும் பயப்பட வேண்டாம்: இங்கே வரிக்குரிய வருமானத்தில் முதல் 20,000 வெள்ளிக்கு வரி விகிதம் பூஜ்யம். வேறு வருமானம் இல்லாவிட்டாலும், சொந்தத் தொழிலில் ஆண்டு நிகர லாபம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் கணக்குக் காட்ட வேண்டும். வரி பூஜ்யமாக இருப்பது ஒன்று, கணக்குக் காட்டுவது இன்னொன்று. பெரியவர்களே இதில் தடுக்கி விழுகிறார்கள்.

இன்னொரு வரியை நீங்கள் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கக்கூடும். 2020 ஜனவரி முதல், செயலி, திரைப்படம், மென்பொருள் போன்ற மின்னிலக்கச் சேவைகளை இங்குள்ளவர்களுக்கு விற்கும் பெரிய வெளிநாட்டு நிறுவனங்கள் பொருள் சேவை வரி வசூலிக்க வேண்டும். அப்போது 7 விழுக்காடாக இருந்தது இப்போது 9 விழுக்காடு. அப்பாவின் கடன் அட்டையில் நீங்கள் வாங்கிய ஏதோ ஒன்றின் ரசீது மின்னஞ்சலில் கிடக்கும். தேடிப் பாருங்கள். அப்பா பார்ப்பதற்கு முன் பார்ப்பது நல்லது.

இந்த வேலைக்கு வருவது எப்படி?

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றிலும் சட்டம் படிக்கலாம். பிறகு வழக்கறிஞர் தேர்வு, ஓராண்டுப் பயிற்சி. வரிச் சட்டத்தைத் தனியாக எடுத்துக்கொள்பவர்கள் கணக்கியலும் கற்றுக்கொள்கிறார்கள். சட்ட நிறுவனங்களில் மட்டும் வேலை என்று இல்லை. கணக்குத் தணிக்கை நிறுவனங்கள், விளையாட்டு நிறுவனங்கள், மின்னிலக்க நாணயச் சந்தைகள், ஏன், வரி ஆணையத்துக்கும் இப்படிப்பட்டவர்கள் தேவை.

தொலைக்காட்சித் தொடரில் வருவதுபோல் கறுப்பு அங்கியைப் பறக்கவிட்டு நீதிமன்றத்தில் முழங்குவது இந்த வேலையில் அபூர்வம். பெரும்பகுதி நேரம் படிப்பதில் போகும். ஒரு நிறுவனம் புதிதாக ஒரு விளையாட்டுக் காசை வெளியிடப் போகிறது என்றால், பொறியாளரை உட்கார வைத்து வழக்கறிஞர் கேட்பார்: பதிவு எங்கே இருக்கிறது? யாரால் அதை அழிக்க முடியும்? காசு விளையாட்டைவிட்டு வெளியே போக வழி இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கான பதிலில் சட்டமே மாறிவிடும். பொதுமக்கள் எங்கும் பெரிய கட்டுப்பாடின்றிச் செலவிடக்கூடிய மின்னிலக்க நாணயத்தைப் பொருள் சேவை வரி ஒருவிதமாகப் பார்க்கிறது. ஒரு விளையாட்டுக்குள் மட்டும் செல்லும் காசை வேறுவிதமாகப் பார்க்கிறது. பொறியாளர் விளையாட்டாகச் சேர்த்த ‘வெளியே எடு’ பொத்தான் ஒன்று, நிறுவனத்தை வேறொரு சட்டத்தின் கீழ் கொண்டுபோய் நிறுத்திவிடும். அதை முன்கூட்டியே சொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

சரி, உங்கள் வாள் என்ன ஆனது? அந்த வழக்கறிஞரிடம் கேட்டால் இப்படிச் சொல்வார்: ஒரே ஒரு வாள், விற்பதற்காக வாங்கியது இல்லை, 300 வெள்ளி, வருமான வரி பற்றிக் கவலைப்பட ஒன்றும் இல்லை. ஆனால் விதிமுறைகளைத் திறந்து பாருங்கள். உண்மைப் பணத்துக்கு விற்கக் கூடாது என்று பல விளையாட்டுகள் எழுதி வைத்திருக்கின்றன. மீறினால் உங்கள் கணக்கையும் முடக்கலாம், வாங்கியவர் கணக்கையும் முடக்கலாம். அப்படி முடக்கிய பிறகு அந்த முகம் தெரியாத ஆள் 300 வெள்ளியைத் திருப்பிக் கேட்டு வந்தால், அது சொத்துச் சட்டமும் இல்லை, வரிச் சட்டமும் இல்லை. அதற்கு ஒப்பந்தச் சட்டம் தெரிந்த இன்னொரு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். அவருடைய கட்டணம் 300 வெள்ளியில் அடங்காது.